சூழ்நிலைப் பாடம்

கல்வி என்பது ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதனை யாவரும் ஒப்புவர்; ஒப்பிய பின்னர் ஏட்டையே மீண்டும் கையிற் கொடுப்பர். கல்லூரிகளின் நிலையே இதுவாயின், பெருங் கம்பெனிகளும் பாங்கிகளும் தம் ஊழியர்க்கு அளித்துவரும் பயிற்சியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? இக்காலத்தில் அப்பயிற்சியிற் பெரும்பகுதி ஆசிரியரின்றிக் கணினியின் வாயிலாகவே நடைபெறுகின்றது. அதனை மின்வழிக் கல்வி என்பர். திரையிற் சில வரிகள் தோன்றும். 'அடுத்து' என்னும் பொத்தானை அழுத்தினால் வேறு சில வரிகள் தோன்றும். இறுதியிற் பத்து வினாக்கள். பின்னர் ஒரு நற்சான்று. இதற்கு மாறாக, பயில்வோனை ஒரு நிகழ்ச்சியின் நடுவே நிறுத்தி, 'இப்பொழுது என் செய்வாய்?' என வினவி, அவன் செய்ததன் பயனை அவனே காணுமாறு அமைக்கும் பாடங்களும் உள. அவற்றையே ஈண்டுச் சூழ்நிலைப் பாடம் என்கின்றோம். அவை அமைக்கப்படும் முறையை விளக்குதலே எம் நோக்கம்.

தமிழ் பயிலும் எமக்கு இதில் யாது வேலை என நண்பர் சிலர் வினவக்கூடும். வேலை வந்த வழியை முதலிற் கூறிவிடுகின்றோம். எம் தமையனார் ஒரு பாங்கியின் கிளையிற் பணம் வாங்கிக் கொடுக்குமிடத்தில் அமர்ந்து ஊழியம் பார்ப்பவர். (பாங்கி என்றதும் அகப்பொருட் பாங்கியை எண்ணற்க. அவள் தலைவியின் உள்ளம் அறிந்து நடப்பவள்; இவ்விடத்தில் உள்ளம் அறிய நேரமில்லை.) ஒரு பண்டிகை விடுமுறைக்கு அவர் வீடு வந்திருந்தபொழுது, மோசடிகளைத் தடுத்தல் பற்றிய மின்வழிப் பாடமொன்றை அன்றிரவுக்குள் முடித்தாக வேண்டுமெனக் கட்டளை வந்தது. வலக்கையால் தோசை உண்டுகொண்டே, இடக்கையால் 'அடுத்து', 'அடுத்து' என அழுத்தி நாற்பது திரைகளையும் கடந்தார். திரைதோறும் பொம்மைக் காவலன் ஒருவன் தோன்றிக் கைதட்டினான். இறுதித் தேர்விற் பத்துக்கு ஒன்பது. நற்சான்றும் அப்பொழுதே வந்தது. யாமும் அருகிருந்து சிரித்தோம்.

இரண்டு திங்கள் கழிந்தபின், ஒருநாள் நண்பகலில், ஓய்வுபெற்ற உபாத்தியாயினியார் ஒருவர் அவரிடம் வந்தார். நெடுநாள் வைத்திருந்த வைப்புத்தொகையைத் தவணைக்கு முன்னரே முறித்து, வடநாட்டிலுள்ள ஒரு கணக்குக்கு அனுப்புதல் வேண்டும் என்றார். பேரன் படிப்புக்கு என்றார். கையொப்பமிடும்போது கை நடுங்கிற்று. மடியிலிருந்த தொலைபேசியில் யாரோ அழைப்பில் இருந்தனர். அம்மையார் அதனை அணைக்கவில்லை. பின்னால் வரிசை வாயில்வரை நின்றது. "சீக்கிரம் ஆகட்டும், தம்பி" என்றார். தம்பியும் சீக்கிரமே முடித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவர் மகன் வந்து நின்றபொழுதுதான், அத்தொகை எவ்வாறு போயிற்று என்பது தெரிந்தது.

அம்மோசடியை இந்நாளில் அறியாதார் சிலரே. தொலைபேசியில் ஒருவன் தன்னைப் போலீஸ் அதிகாரி என்று கூறிக்கொண்டு, 'உம் பெயரிற் குற்றம் பதிவாகியுள்ளது, இடத்தைவிட்டு அசையலாகாது, எவரிடமும் வாய் திறக்கலாகாது, உம் பணத்தைச் சோதனைக்காக நாங்கள் கூறும் கணக்கிற் செலுத்துக' என அச்சுறுத்துவான். இதற்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயரிட்டுள்ளனர். அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் யாண்டும் இல்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதனைக் குறித்து எச்சரித்தார். பணம் போயிற்றென்று தெரிந்த கணமே 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தால் மீட்க வழியுண்டு. மூன்று நாள் கழித்து அறிவித்தால் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

எம் தமையனார் இதனை எமக்கு உரைத்தபொழுது வேறொன்றும் கூறவில்லை. "அந்தப் பத்து வினாவிலே இதுவும் ஒன்று. நான் சரியாகத்தான் விடை எழுதியிருந்தேன்" என்றார்.

அறிந்திருந்தும் செய்யாது விடுதல் அவர் ஒருவர்க்கே உரியதன்று. விமானத் துறையினர் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1977-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், ஸ்பானிய நாட்டிற்குரிய தெனெரீப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியினிடையே இரு பெரு விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. ஒன்று பாதையை விட்டு இன்னும் விலகவில்லை. மற்றொன்று அனுமதி பெறாமலே மேலெழ விரைந்தது. விரைந்த விமானத்தின் எந்திரப் பொறியாளர்க்கு ஐயம் தோன்றிற்று. மற்ற விமானம் விலகிற்றோ என அவர் வினவவும் செய்தார். தலைமை விமானி, விலகிவிட்டது என அழுத்தமாக விடையிறுத்தார். அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 583 பேர் மாண்டனர். எந்திரத்தில் குற்றமில்லை, தலைமை விமானியோ அத்துறையில் நன்மதிப்புப் பெற்றவர். குறைபட்டது, மேலோர் முன் மறுமுறையும் வினவும் துணிவும், அவ்வினாவைக் கேட்கும் செவியுமே.

விமானிகளைத் தரையிலேயே வைத்துப் பழக்கும் பொறி அதற்கு முன்னரே இருந்தது. எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் 1929-இல் அதனை இயற்றினார். முதலில் அது கேளிக்கைக் கூடங்களிலேயே மிகுதியும் விலைபோயிற்று. 1934-இல் அந்நாட்டு இராணுவ விமானிகள் தபால் சுமந்து தீய வானிலையிற் பறந்து பலர் உயிரிழந்த பின்னரே, இராணுவம் அப்பொறிகளில் ஆறு வாங்கிற்று. ஆனால் அது எந்திரத்தைச் செலுத்தவே கற்பித்தது. தெனெரீப் விபத்துக்கும் அதனையொத்த பிறவற்றுக்கும் பின்னர், 1979-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா ஓர் ஆய்வுக் கூட்டம் நடத்தி, விமானிகள் தம்முள் பேசிக்கொள்ளும் முறையையே பயிற்சிப் பொருளாக்க வழிகோலிற்று. இப்பயிற்சியில், பறக்கும் குழு முழுவதும் போலி விமானத்தில் ஏறி, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர்வரை செல்லும் பயணத்தை முழுமையாக நடத்தும். இடையே ஏதேனும் பழுது தோன்றும். ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்துவதில்லை; பயணம் முடிந்த பின்னரே அமர்ந்து பேசுவர். சூழ்நிலைப் பாடத்தின் உயிர் இதுவே எனக் கொள்ளலாம்: பிழை செய்ய இடங்கொடுத்தல், பிழையின் பயனை அதற்குரிய காலத்திற் காட்டுதல், பின்னர் உரையாடுதல்.

ஏட்டின் வாயிலாகவும் இதனைச் செய்ய முயன்றோர் உண்டு. ஹார்வர்டு வாணிகக் கல்லூரி 1921 முதல், மெய்யாக நிகழ்ந்த வாணிகச் சிக்கல்களை எழுதி மாணவர் முன் வைத்து வழக்காடச் செய்துவந்துள்ளது. 1950-களில் ஸ்கின்னர் என்னும் உளநூலார், பயில்வோன் பிழையே செய்யாதவாறு சிறுசிறு படிகளாகப் பாடத்தை நறுக்கிப் பொறியிலிட்டார். அதே காலத்தில் அமெரிக்க விமானப் படையினர்க்குப் பழுது கண்டறியும் பயிற்சி அமைத்த நார்மன் கிரௌடர் இதற்கு மாறான கொள்கையினர். இவ்விடை கூறினால் இன்ன பக்கத்துக்குச் செல்க, அவ்விடை கூறினால் அன்ன பக்கத்துக்குச் செல்க எனப் பக்கங்களைக் கலைத்து வைத்த நூல்களை அவர் இயற்றினார். தவறான விடை கூறினோன் சென்றடையும் பக்கத்தில், அவன் எவ்வாறு எண்ணியிருப்பான் என்பதும், அவ்வெண்ணம் எங்கே வழுவிற்று என்பதும் எழுதப்பட்டிருக்கும். இன்றைய கிளைவிடும் பாடங்களெல்லாம் இவர் வழிவந்தனவே. ஸ்கின்னர் பெயர் பெற்ற அளவு இவர் பெயர் பெறவில்லை. அது முறையன்று என்பது எம் கருத்து.

இனி அமைக்கும் முறைக்கு வருவோம். தமையனார் கூறியதைக் கேட்டபின், யாமும் எம் வகுப்பு நண்பர் இருவரும் அந்நிகழ்ச்சியையே ஒரு பாடமாக எழுத முனைந்தோம். கிறிஸ் கிளைமாஸ் என்பார் 2009-இல் வெளியிட்ட 'டுவைன்' என்னும் இலவசக் கருவி எமக்குக் கைகொடுத்தது. கிளைக்கதை எழுதுவதற்கென்றே அமைந்த அதனைக் கையாள நிரற்பொறி எழுதும் கல்வி வேண்டா. ஒரு பெட்டியில் ஒரு காட்சியை எழுதி, அடுத்த பெட்டிக்குக் கோடு இழுத்தல் போதும்.

பாடம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் முதலில் எழுப்பும் வினா, 'இவர்க்கு எதனை அறிவித்தல் வேண்டும்?' என்பது. யாமும் அவ்வாறே தொடங்கி, மோசடியின் இலக்கணத்தை ஆறு பக்கம் எழுதினோம். பின்னரே கேத்தி மூர் என்னும் பயிற்சி நூலார் 2008-இல் வகுத்த முறையொன்றை அறிந்தோம். நிறுவனத்தில் மாற வேண்டுவது யாது, அதற்காக ஊழியர் செய்ய வேண்டுவது யாது, அதனை அவர் இப்பொழுது செய்யாமைக்குக் காரணம் யாது என இவற்றை வினவிய பின்னரே, அறிவிக்க வேண்டுவதைப் பற்றி அவர் எண்ணுகின்றார். ஆறு பக்கத்தையும் கிழித்தெறிந்துவிட்டுத் தமையனாரிடம் சென்று, 'ஏன் கேட்கவில்லை?' என்று வினவினோம். அவ்வினாவைத் தொடுக்க எமக்கு இரண்டு நாள் தயக்கமாயிருந்தது.

அவர் மூன்று காரணம் கூறினார். வரிசை நீண்டிருந்தது; ஒருவர்க்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு மேலிடத்தில் உண்டு. அம்மையார் வயதில் மூத்தவர். அவர் பணத்தை அவர் எடுக்கையில் எதற்கு என்று கேட்பது மரியாதையன்று என்று நா எழவில்லை. மூன்றாவது, தொலைபேசியில் எவனோ கேட்டுக்கொண்டிருக்கையில் எவ்வாறு கேட்பது என்று தோன்றவில்லை. இம்மூன்றும் மூன்று வகையின என்பதைக் கவனித்தல் வேண்டும். மூன்றாவது திறமையைப் பற்றியது, பழக்கினால் வரும். இரண்டாவது மனத்தைப் பற்றியது. பழக்கினால் ஓரளவு இளகும். முதலாவதோ எப்பாடத்தாலும் தீராது. நிமிடக் கணக்கை வைத்தவர் அதனைத் தளர்த்தினாலன்றி, ஊழியர்க்கு எத்துணை அழகிய பாடம் அமைத்தாலும் அது வீண். நிறுவனத்தார் செய்ய வேண்டுவதை ஊழியர் தலையிற் சுமத்தும் பொருட்டே பல பயிற்சிகள் எழுகின்றன என்று ஐயுறுகின்றோம்.

அடுத்து, விடைகளை அமைத்தல். இங்கேதான் பெரும்பாலான பாடங்கள் சாகின்றன. தமையனார் படித்த பாடத்தில் நான்கு விடைகள் இருந்தன. மூன்று, மூடனும் தேர்ந்தெடுக்க மாட்டாதவை. தவறான விடை இனிமையுடையதாய் இருத்தல் வேண்டும். நல்லோன் ஒருவன் நல்ல காரணம் பற்றியே அதனைத் தெரிந்துகொள்ளுமாறு இருத்தல் வேண்டும். எம் பாடத்தின் முதற்காட்சியில் மூன்று வழிகள் வைத்தோம். ஒன்று, பணிவோடு விரைந்து முடித்துக் கொடுத்தல். மற்றொன்று, 'அம்மா, இது மோசடி. உங்களை யாராவது மிரட்டுகிறார்களா?' என வெளிப்படையாகக் கேட்டல். பிறிதொன்று, 'பெரிய தொகை, உள்ளே வந்து மானேஜர் முன்னால் ஒரு கையெழுத்து வேண்டும், அம்மா' என உள்ளறைக்கு அழைத்து, அங்கே ஒரு துண்டுத்தாளில் வினாவை எழுதிக் காட்டல்.

முதல் வழியை மேற்கொண்டால், அம்மையார் வாழ்த்திச் செல்வார், வரிசை நகரும், எக்குறையும் தோன்றாது. ஆறு காட்சிகள் கழித்தே மகன் வருவார். இரண்டாம் வழியை மேற்கொண்டால், அறிவு நிரம்பியவன் போலத் தோன்றும். ஆனால் தொலைபேசியில் இருப்பவன் அதனைக் கேட்டுவிடுவான். அம்மையார் முகம் வெளுத்து, 'அதெல்லாம் இல்லை' என்று தாளைப் பறித்துக்கொண்டு வேறு கிளைக்குச் செல்வார். மூன்றாவதே நல்வழி, எனினும் அதற்கும் விலை வைத்தோம். வரிசையில் நிற்போர் முணுமுணுப்பர். மானேஜர் முகம் சுளிப்பார். அம்மையாரும் முதலில் சினப்பார். விலையின்றி நல்வழி அமைந்த பாடம் பொய்ப்பாடம். எந்த வழியிலும் 'தவறு' என்னும் சிவப்பெழுத்தை யாம் இடவில்லை. மகன் வந்து நிற்பதைவிட அது மிகுதியாக என்ன கூறிவிடும்?

ஓர் இடர்ப்பாடு உண்டு. பயனை நெடுந்தூரம் தள்ளி வைத்தால், பயில்வோன் இடையிலே பாடத்தை மூடிவிட்டு, 'நன்றாகவே நடந்தது' என்ற எண்ணத்தோடு எழுந்து செல்லக்கூடும். ஆதலின் பாடம் ஒரே அமர்வில் முடிவதாய், பத்து நிமிடத்தைக் கடவாததாய் இருத்தல் நலம். முடிவில் எந்நொடியில் எது கைதவறிற்று என்ற உரையும் வேண்டும். மேலும், தொழிலுக்குப் புதியவனை எடுத்தவுடன் இச்சுழலில் தள்ளுதலும் ஆகாது. தொடக்க நிலையினர், தேர்ந்தோர் செய்து காட்டியதைக் கண்டு கற்பதே எளிது என்பதை ஸ்வெல்லர் முதலிய உளநூலார் சோதனைகளால் காட்டியுள்ளனர். எனவே அனுபவமிக்க ஒரு காசாளர் வேறொரு நிகழ்ச்சியை நடத்தும் காட்சியை முன்னே வைத்தோம்.

கிளைகளின் பெருக்கமும் அஞ்சத்தக்கது. காட்சிக்கு மூன்று வழியாக ஐந்து காட்சிகள் தனித்தனியே கிளைத்தால், முடிவுகள் 243 ஆகும். பரீட்சைக்கு முன் அத்தனையும் எழுத எம்மால் ஆகுமோ? ஆதலின் கிளைகள் சிறிது பிரிந்து மீண்டும் ஒன்று கூடுமாறு செய்தல் வழக்கம். யார் எவ்வழி சென்றாலும் நான்காம் காட்சியில் மானேஜர் வருவார். ஆனால் அம்மையார் ஊழியரை எவ்வளவு நம்புகின்றார் என்பதைக் கருவி உள்ளே எண்ணி வைத்திருந்து, அதற்கேற்ப அவர் பேச்சை மாற்றும்.

பேச்சு என்றதும் எம் நாணத்தையும் கூறிவிடல் வேண்டும். முதற்படியில் ஊழியர், 'அம்மையீர், தாங்கள் எவராலேனும் அச்சுறுத்தப்படுகின்றீர்களா?' என்று வினவினார். தமையனார் படித்துவிட்டு, பல நாளைக்குப்பின் முதன்முறையாகச் சிரித்தார். "இப்படிப் பேசினால் அந்த அம்மாள் என்னையும் போலீஸ் என்றே நினைத்திருப்பார்" என்றார். இவ்விடத்தில் ஆனர்ஸ் வகுப்பின் நடை உதவாது. பிறமொழியில் எழுதிப் பெயர்க்கப்பட்ட பாடங்களின் உரையாடலும் இவ்வாறே மரத்துப் போகின்றது. பணமிடத்தில் ஒருவர் பேசும் சொல்லே திரையிலும் இருத்தல் வேண்டும். இன்றேல் பயின்ற சொல் வேண்டிய நொடியில் நாவிற்கு வாராது.

ஆயினும் எம் படிப்பு முற்றும் பயனின்றிப் போகவில்லை. முதல், கரு, உரி எனத் தொல்காப்பியர் வகுத்த மூன்றும் பாட்டில் ஒன்றினொன்று சிறந்து நிற்க, உரிப்பொருளே தலைமை பெறும் என்பதை நண்பர்கள் அறிவர். சூழ்நிலைப் பாடத்திலும் இடமும் காலமும் வேண்டும். வரிசையும் டோக்கனும் மின்விசிறியும் வேண்டும். ஆனால் அவையெல்லாம் நடுங்கும் கைக்கும் எழாத நாவுக்கும் துணை நிற்பன. கைதட்டும் பொம்மைக் காவலன் எப்பொருளுக்கும் உரியவனல்லன். பாடத்தை இனிதாக்க எண்ணிச் சேர்க்கும் தொடர்பற்ற சுவைப்பொருள்கள் கற்றலைக் குறைக்கின்றன என்பது, 1980-களின் இறுதி தொட்டு ஆராயப்பட்டுவரும் செய்தி. ரிச்சர்டு மேயர் என்னும் பேராசிரியர் பலமுறை சோதித்துக் காட்டியதும் இதுவே. பயில்வோன் ஈடுபடுவது படத்தாலன்று. தான் முடிவு செய்தாக வேண்டிய இக்கட்டாலேயே.

எல்லாவற்றையும் சூழ்நிலைப் பாடமாக்க முயல்வதும் பேதைமை. படிவத்தை எவ்வரிசையில் நிரப்புவது என்பதற்குக் கதை வேண்டா. மேசைக் கண்ணாடியின்கீழ் ஒரு தாள் போதும். கதை வேண்டுவது, இரு நன்மைகள் ஒன்றோடொன்று மோதுமிடத்திலேயே.

இத்தகைய பாடத்தின் பயனை அளப்பது எவ்வாறு? நற்சான்றை எண்ணுதல் எளிது. அதனாலேயே அதனை எண்ணுகின்றனர். கிர்க்பாட்ரிக் என்பார் 1959-இல் வகுத்த நால்வகை அளவையில், பயின்றோர் மகிழ்ந்தனரா, கற்றனரா என்பன முன்னிரண்டு. வேலையில் நடத்தை மாறிற்றா, அதனால் விளைவு மாறிற்றா என்பன பின்னிரண்டு. எம் தமையனாரின் பாடம் இரண்டாவதில் தொண்ணூறு விழுக்காடு பெற்றது. மூன்றாவதை எவரும் அளக்கவில்லை. நான்காவதை அம்மையாரின் மகன் வந்து அளந்தார்.

எமது பாடம் இப்பொழுது தமிழ் மன்றத்துக் கணினியில் உள்ளது. தமையனார் அதனைத் தம் கிளையில் நால்வரிடம் காட்டினார். நால்வருள் மூவர் முதற்காட்சியில் முதல் வழியையே மேற்கொண்டனர். மகன் வரும் காட்சிக்குப்பின் ஒருவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும் என்றார். மற்றொருவர், வங்காளத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், துண்டுத்தாளைத் தமிழில் எழுதத் தெரியாத ஊழியர் என் செய்வது என்று கேட்டார். அதனை யாம் எண்ணவேயில்லை. எழுத்தறியாதார் வந்தால் என்னாகும் என்பதும் அதன்பின்னரே தோன்றிற்று. அவ்விரண்டு கிளைகளும் இன்னும் எழுதி முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் மன்றத்து அறையில் எழுதிவருகின்றோம். பாங்கியில் வேலை பார்க்கும் உறவினர் உடைய நண்பர்கள் அவர்களையும் உடனழைத்து வரின் நன்று.